சட்டைக்கு வந்த காமாலை

திருக்காட்டுப்பள்ளிக்கு நல்ல காலம். காமாலையைக் கழுவி எடுக்க ஒரு கை கிடைத்துவிட்டது. கைக்குச் சொந்தக்காரர் பஞ்சநதம். செவ்வாய்க்கிழமை பூதலூர் ரயிலடியில் இறங்கும் கூட்டத்தில் பாதி அவர் வீட்டுக்குத்தான். நோயாளியின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவார். தண்ணீர் மஞ்சளாகும். காமாலை இறங்கிவிட்டது என்று அர்த்தம். மறு வாரமும் மஞ்சளாகும். மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிள்ளைகளெல்லாம் துபாய், கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். அவர்களுக்காகவும் பஞ்சநதம் இரக்கப்பட்டார். உடுத்திய சட்டையை அனுப்பினால் போதும் என்றார். ஈரல் ஒரு நாட்டில், கழுவுவது இன்னொரு நாட்டில். விசா தேவையில்லை.

துபாயில் கடை வேலை பார்க்கும் அன்சாருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தினமும் விழுங்கினான். ஈரல் கெட்டிருப்பதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு முப்பத்தாறுக்கு இறங்கியது. நாற்பதுக்குள் இருந்தால் நல்லது. அந்த நேரம் பார்த்து அவன் தாய் ஹலீமா, அவன் சட்டையைக் கழுவக் கொடுத்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த பஞ்சநதம், இறக்கியது தன் கைதான் என்றார். மாத்திரை போட்டால் கைராசி கெட்டுவிடும் என்றும் சொன்னார். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை மாத்திரையை நிறுத்தினான். நான்கு மாதத்தில் அளவு நானூற்றுப் பன்னிரண்டு. ஈரலுக்குத் தாய் சொல் கேட்கும் பழக்கம் இல்லை.

"இன்னொரு சட்டை கழுவினா சரியாயிடும். அதுவரைக்கும் மாத்திரை வேணாம்" என்றார் ஹலீமா.

"மச்சான் உயிருக்கே ஆபத்துங்கிறாங்க டாக்டர்" என்றாள் அன்சாரின் மனைவி ஹுமைரா. மாமி மசியவில்லை என்றதும் வழியை மாற்றினாள். "சரி மாமி, எங்கிட்ட ஒரு சட்டை இருக்கு. நீங்களும் கூட வாங்க."

பஞ்சநதம் அந்தச் சட்டையை வாங்கி முகர்ந்தார்.

"வேர்வையிலயே தெரியுது. முத்திப்போச்சு."

கழுவினார். வாளித் தண்ணீர் மஞ்சளானது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஹுமைரா காலரைத் திருப்பிக் காட்டினாள். கடைக்காரர் குத்திய குண்டூசி இருந்தது. பக்கத்தில் விலைச்சீட்டு.

"முந்தாநாள் தஞ்சாவூர்ல வாங்கினதுங்க. இன்னும் யாரும் போடல."

கண் மஞ்சளாகி வந்திருந்த விவசாயி துரைராசு, பஞ்சநதத்தைக் காப்பாற்றப் பார்த்தார்.

"தச்சவனுக்குக் காமாலை இருந்திருக்கும்."

"அண்ணே, உங்க கையை நான் கழுவுறேன், வாங்க."

புதுச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினாள். கண் மஞ்சளாகவே இருந்தது, தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது.

"இப்ப வைத்தியர் கையை மட்டும் இதுல விடச் சொல்லுங்க."

பஞ்சநதம் அவசரமாக எழுந்தார். துரைராசு அவர் மணிக்கட்டைப் பிடித்து வாளியில் அமுக்கினார். தண்ணீர் மஞ்சளானது. நோயாளி யார் என்று கூட்டத்துக்குக் குழப்பமாகிவிட்டது.

"கையில மாம்பட்டைச் சாறு. சுண்ணாம்பு பட்டா மஞ்சளாயிடும்" என்றாள் ஹுமைரா. "அண்ணே, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க."

கூட்டம் கலைந்தது. வேப்பிலையால் இறக்குகிறவர் ஒருவர் இருக்கிறாராம் என்று யாரோ சொல்ல, நாலு பேர் விலாசம் குறித்துக்கொண்டார்கள்.

ஹலீமா மட்டும் மருமகளிடம் போனைக் கேட்டு வாங்கினார். மகனை அழைத்தார்.

"அன்சாரு, இப்பவே டாக்டரைப் போய்ப் பாரு. அவர் குடுக்கிற மாத்திரையைப் போடு. இனிமே நானே சொன்னாலும் நிறுத்தாதே."

பெற்றவளே தன் பேச்சைக் கேட்காதே என்கிறாள். முன்பின் தெரியாத பஞ்சநதங்கள் பேச்சை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? கொஞ்சம் யோசியுங்கள். ஆளுக்கு ஒரு ஈரல்தான் இருக்கிறது.