எனக்கு விழுந்த நோர்வே

பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டு வரவேண்டும். நாற்பது வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதகம் பொருந்திவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயில் திருவிழா, பஸ் தரிப்பு, பள்ளிக்கூட விழா என்று எங்கேயாவது ஒரு மூலையில் நின்று பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் முகமுறிவு இல்லையாம். அவர்கள் வருவது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், பக்கத்து வளவுக்காரருக்கும் தெரியும். பெண்ணுக்கு மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் இயல்பாக இருக்கமாட்டாளாம். நான் இயல்பாக இருந்ததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் குடியேற்றக் காணி எடுத்து வயல் செய்துகொண்டிருந்தார். எனக்கு இருபத்திரண்டு வயது. முரசுமோட்டையில் வயல் செய்கிற யோகநாதன் என்ற கமக்காரப் பிள்ளைக்கு என்னைப் பேசியிருந்தார்கள். அவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். (தெரியும் என்றால், பரந்தன் சந்தியில் ஒருநாள் என் சைக்கிள் செயின் கழன்றபோது வந்து பூட்டிவிட்டு, என் முகத்தைக்கூட நிமிர்ந்து பாராமல், கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போனவர். அவ்வளவுதான். எனக்கு அது காணும்.) சாதகம் பொருந்தியது என்று அறிந்த நாளிலிருந்து கிணற்றடிக்குப் போனாலும் பவுடர் பூசிக்கொண்டுதான் போனேன். இந்தக் கலியாணம் தவறிவிடக்கூடாது என்று பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் நேர்ந்தும் வைத்தேன்.

மூன்று கிழமையாக யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நாலாவது கிழமை எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. அதிலே ஒரு பேச்சுப்போட்டி. தலைப்பு, 'நான் வாழ விரும்பும் வெளிநாடு'. ஊரிலே அப்போதுதான் ஒருவர் இருவராக வெளிநாடு போகத் தொடங்கியிருந்தார்கள். விரும்பிய நாட்டைப் பேசலாம் என்றால் எல்லோரும் இந்தியாவைத்தான் பேசுவார்கள் என்று நிலையத்தின் செயலாளர் முன்யோசனையோடு ஒரு காரியம் செய்தார். நாடுகளின் பெயரைத் துண்டுகளில் எழுதிச் சுருட்டி, ஒரு தகரப் பிஸ்கட் பேணிக்குள் போட்டு, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். நான் வாழ விரும்பும் நாட்டை நான் தெரிவு செய்யக்கூடாது, செயலாளரின் பிஸ்கட் பேணி தெரிவு செய்யவேண்டும். இது என்ன நியாயம் என்று அன்றே கேட்டேன். அவர் பேணியை என் பக்கம் நீட்டினார்.

எனக்கு விழுந்தது நோர்வே.

இந்தியா விழுந்திருந்தால் கோயில், சேலை, சினிமா என்று அரைமணி நேரம் வெளுத்து வாங்கியிருப்பேன். நோர்வேயைப் பற்றி எனக்குத் தெரிந்தது மூன்று விஷயம். குளிர், மீன், கோடையில் நெடுநேரம் வெளிச்சம். ஐந்து நிமிடப் பேச்சில் இரண்டாவது நிமிடமே மூன்றும் முடிந்துவிட்டன. முன்னால் சனம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இறங்குவதா? நானா? நோர்வேயைப் பற்றித் தெரியாவிட்டால் என்ன, எங்கள் ஊரைப் பற்றித் தெரியுமே. இங்கே உள்ளதெல்லாம் அங்கே இல்லை என்று தொடங்கினேன். சேறு இல்லை, அட்டை இல்லை, நெல்லுச் சூடடிக்கிற தூசு இல்லை, பயிரை உழக்க யானை இல்லை. கைதட்டல் ஏற ஏற எனக்கும் ஏறியது. கடைசியில் கையை உயர்த்தி, "மண்வெட்டி பிடித்த கையை நான் பிடிக்கமாட்டேன்! வயல் சேற்றில் என் கால் படாது!" என்று முழங்கி முடித்தேன். கொட்டகை அதிர்ந்தது. முதற்பரிசு எனக்குத்தான், ஒரு சுடுதண்ணிப் போத்தல்.

முன்வரிசையில் பச்சைக் கரைச் சேலை கட்டிய ஓர் அம்மா மட்டும் கைதட்டவில்லை. போட்டியில் தோற்ற யாரோ ஒருவரின் தாயாக்கும், எரிச்சலாக்கும் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு அவரைப் பார்த்துப் போத்தலைத் தூக்கிக் காட்டிவிட்டும் வந்தேன்.

மறுநாள் காலை தரகர் வந்தார். அந்த அம்மாதான் யோகநாதனின் தாயார் என்றும், பெண்ணுக்கு வெளிநாட்டு ஆசை, தங்கள் பிள்ளையோ வயலை விட்டு அசையமாட்டான், வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அப்பா என்னைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்தார். அம்மா, "வாய், வாய்" என்று தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அது போட்டி ஐயா! அவுஸ்திரேலியாவைப் பேசியவரை யாராவது கப்பலில் ஏற்றினார்களா? கூத்தில் எமனாக ஆடுகிறவருக்கு ஊரில் பெண் கொடுக்கவில்லையா? எனக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம்? அழுதுகொண்டு படுக்கிற ஆள் நானில்லை. நல்ல நைலெக்ஸ் சேலையைக் கட்டி, 'நோர்வே' என்று செயலாளர் கைப்பட எழுதிய துண்டைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு, சைக்கிளில் முரசுமோட்டைக்கு வெளிக்கிட்டேன். (பேசி முறிந்த இடத்துக்குப் பெண் தனியாகப் போவதாவது! இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

வீட்டில் ஆளில்லை. பின்பக்கத்து வயலில், உழுது பலகையடித்த சேற்றுக்கு நடுவில் யோகநாதன் மண்வெட்டியோடு நின்றார். தாயார் வரம்பில் நின்றார். நான் அதே வரம்பில் ஏறி, துண்டை நீட்டி, பிஸ்கட் பேணியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு நோர்வேயும் வேண்டாம் ஒரு நாடும் வேண்டாம், முரசுமோட்டை போதும் என்றேன். தாயார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் கதைக்கிறீர் பிள்ளை. நேற்றும் இப்பிடித்தான் கதைச்சனீர். நான் எதைப் பிள்ளை நம்பிறது?"

"அது போட்டி, மாமி," என்றேன். (சம்பந்தம் முறிந்த இடத்தில் நின்றுகொண்டு மாமியாம்!)

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். துண்டை வாங்கிப் பார்க்கவுமில்லை. எனக்குக் கண்மண் தெரியவில்லை. தாய்க்குத்தான் விளங்கவில்லை, மகனுக்கு விளங்கட்டும் என்று அவர் பக்கம் திரும்பி, நீங்களாவது வாசித்துப் பாருங்கோ, இது என்ர கையெழுத்தில்லை என்று துண்டை நீட்டியபடி நடந்தேன். நியாயத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் அன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் மெதுவாக, "அவா வயலுக்குள்ள நிக்கிறா."

குனிந்து பார்த்தேன். முழங்கால்வரை சேறு. நைலெக்ஸ் சேலை பாதி நிறம் மாறியிருந்தது. இடதுகால் செருப்பைக் காணவில்லை. தாயார் சிரிக்கத் தொடங்கியவர் நிற்கமுடியாமல் வரம்பிலேயே இருந்துவிட்டார். யோகநாதன் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, சேற்றுக்குள் கையை விட்டுத் தடவிச் செருப்பை எடுத்து, வாய்க்காலில் அலம்பித் தந்தார்.

"தரகருக்கு ஆளனுப்பு தம்பி," என்றார் தாயார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாங்கள் ஓமாம் எண்டு."

மூன்று மாதத்தில் கலியாணம் நடந்தது. நான் எடுத்துச் சொன்ன நியாயத்துக்காக ஒருவரும் ஓம் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். அன்றிலிருந்து எனக்கு ஆத்திரம் வந்தால் இந்த வீட்டில் ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்கள். மாமி சாகும்வரை பார்த்தார். இடம்பெயர்ந்து போய் மரத்துக்குக் கீழே இருந்த நாட்களிலும் பார்த்தார். பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டார்.

அந்தப் பிள்ளைகள் மூவரும் இப்போது கனடா, சுவிஸ், லண்டன் என்று இருக்கிறார்கள். போன வருடம் சின்னவள் வந்து நின்றபோது, இனி அம்மாவும் அப்பாவும் தங்களோடு வந்திருக்கவேண்டும், மூன்று நாட்டில் எது விருப்பம் என்று அம்மாவே தெரிவு செய்யட்டும் என்று தொடங்கினாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வயதில் பேணிக்குள் கையை விடச் சொன்னவர்கள், அறுபது கழிந்த பிறகு தெரிவு செய்யச் சொல்கிறார்கள்! முற்றத்தில் இறங்கி நின்று, கிணற்றை யார் இறைப்பது, மாட்டை யார் பார்ப்பது, அந்தக் குளிரில் கொப்பர் என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கதிரையில் இருந்த இவர்தான் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, கொம்மான்ர காலைப் பார்."

பாயில் காயப்போட்டிருந்த அவித்த நெல்லுக்கு நட்டநடுவில், பாதம் புதைய நின்றுகொண்டிருந்தேன். சின்னவள் அதற்குப் பிறகு எந்த நாடென்று கேட்கவில்லை.