எழிலரசியின் செக்பாயிண்ட் விஷயமாக

மஞ்சக்குப்பம், கடலூர்.

மரியாதைக்குரிய மச்சான் செந்தமிழ்செல்வன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஏட்டு ஆண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே புழுக்கம் நீங்கலாக எல்லாம் சௌக்கியம். காட்டுமன்னார்கோயிலில் நடவு நல்லபடி முடிந்து, தாங்களும் தங்கள் மூட்டுவலியும் ஒருவருக்கொருவர் தொந்தரவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் மகள் எழிலரசி ஜெர்மனிக்குப் போய் இன்னும் நாலு வருஷம் கேன்சர் ஆராய்ச்சி செய்வதா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். மாமா சரி என்றால்தான் போவேன் என்று அவளே சொல்லிவிட்டாளாம். என் பதில், வேண்டாம்.

சிதம்பரத்தில் ஆறு வருஷம் என்ன கிழித்தாள்? ஊர் உலகமே எலியைக் கொல்ல மருந்து வாங்குது, இவ எலிக்குக் கட்டி வரவெச்சு அதுக்கே வைத்தியம் பாக்குறா. எலி பொழைச்சுக்கிச்சுன்னு எங்க வீட்டுக்கு லட்டு வேற. கட்டுரை அச்சுல வந்துருக்குன்னு காட்டுனா, மொத்தம் பதினொரு பேர், இவ பேரு ஒன்பதாவது. நான் எழுதுன அடிதடி கேஸ்ல கூட ஒரு காரியத்துக்கு இத்தனை பேரைச் சேர்த்ததில்ல. பேருக்கு முன்னால டாக்டர், இருமலுக்கு மருந்து கேட்டா "ஆஸ்பத்திரிக்குப் போங்க மாமா"ங்குறா.

அப்புறம் அந்த செக்பாயிண்ட். "ரத்தத்துல போலீஸ் மாதிரி செல்லு இருக்கு மாமா. அது நல்ல செல்லை அடிச்சுடக் கூடாதுன்னு ஒரு செக்பாயிண்ட் உண்டு. கேன்சர் அங்க நல்லவன் மாதிரி கார்டு காட்டிட்டுப் போயிடும். அந்த செக்பாயிண்டைத் தூக்கிட்டா போலீஸ் தன் வேலையைப் பாக்கும்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். இருபத்தெட்டு வருஷம் மதுவிலக்கு செக்போஸ்டில் நின்று, பாண்டியிலிருந்து மீன் கூடைக்கடியில் வந்த பாட்டிலை மோந்தே பிடித்தவன் நான். செக்போஸ்டைத் தூக்கினா திருடன் மாட்டுவானாம். எனக்கு உடம்பே எரிஞ்சுது. இதை ரேஷன் கடையில் சொல்லிப் புலம்பப்போக, அவளுக்கு செக்போஸ்டில் வேலை கிடைத்துவிட்டதாகப் பேச்சாகி, கல்யாண வீட்டுக்கு ரெண்டு பெட்டி பாண்டியிலேருந்து வருது, பாப்பாகிட்ட சொல்லி விடச் சொல்லுங்கன்னு மூணு பேர் வாசலுக்கே வந்துட்டானுங்க.

தங்கள் தங்கை லோகநாயகிக்கு நுரையீரலில் கட்டி என்றானபின் அந்த வார்த்தை என்னை விட்டபாடில்லை. பாண்டி ஆஸ்பத்திரி டாக்டரும் அதே செக்பாயிண்ட் ஊசிதான் என்கிறார். மூணு வாரத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போறேன். திரும்பி வரும்போது, நான் சல்யூட் அடிக்கக் கத்துக்குடுத்த பசங்களே என் கார் டிக்கியைத் திறக்கச் சொல்றானுங்க. ஊசி போட்டதுல அவளுக்கு அரிப்புதான் ஜாஸ்தி. இந்த லட்சணத்துக்கு ஜெர்மனி ஒரு கேடா?

சிதம்பரத்தில் என் சிநேகிதன் ராபர்ட் இரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறான். சுகர், யூரின் பார்க்க ஆள் வேண்டுமாம். படிச்சதும் அதே இரத்தம்தானே. பஸ் ஏறினால் கடலூர், அத்தையையும் வந்து பார்த்துக்கொள்ளலாம். பேசி முடித்துவிட்டேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும் எழிலரசிக்கு ஆசியும். அவளிடம் பக்குவமாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆண்டி, தலைமைக் காவலர் (ஓய்வு)

பின்குறிப்பு: அண்ணா, லோகநாயகி எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்க. கட்டி பாதியா கொறைஞ்சிருக்கு. அதை இவரு ஒரு வரி எழுதலை பாத்தியா. அன்னைக்கு வர்ற வழியில செக்போஸ்ட்ல யாரும் கேக்காமலே எறங்கி, டிக்கியைத் தானே தொறந்து காட்டி, அங்க நின்ன அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு. எழில் போயிட்டா ஊசி போடுற அன்னைக்குப் பக்கத்துல யார் உக்காருவா, ரிப்போர்ட்டை யார் படிச்சுச் சொல்லுவாங்கிற பயம்தான் இவருக்கு, வேற ஒண்ணுமில்ல. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ, ரிப்போர்ட்ல கொறைஞ்சிருக்குன்னு எழுதியிருந்தா எனக்குப் புரியும். அவளை அனுப்பி வை. மாமா போட்ட செக்போஸ்டை அத்தை தூக்கிட்டான்னு சொல்லு.