சிங்காரி என்னை மன்னித்த விவரம்

மைசூர், தேவராஜ மொஹல்லா
செவ்வாய், காலை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை சென்னிமலை அவர்களுக்கு, வாழைப்பழக் கடை அய்யாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் சாமியாத்தாளும் மகள் ஸ்வாதியும் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கை லீலாவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

இந்த வருஷம் தசராவுக்கு நான் கொள்ளேகால் வரமாட்டேன். நீங்கள் சந்தோஷப்படுவது எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக, "மைசூரில் கூட்டம், மூச்சு முட்டுகிறது" என்று சொல்லி உங்கள் மாடி அறையில் மாசக்கணக்கில் கிடந்தேனே, அது பொய். காரணம், வருஷா வருஷம் தசரா ஊர்வலத்துக்குக் காட்டிலிருந்து வருகிற சிங்காரி என்கிற யானை. அரண்மனை முகாமில், குழந்தையாக இருந்த ஸ்வாதியைச் சிரிக்க வைக்கலாமென்று வெறுங்கையை மூடி அதனிடம் நீட்டினேன். மூணு தடவை தும்பிக்கையால தேடிச்சு. நாலாவது தடவை தேடலை, என் மூஞ்சியையே பார்த்துச்சு. அந்தப் பார்வைக்குத்தான் மாப்பிள்ளை, நான் ஓடி வந்தது.

இந்த வருஷம் ஸ்வாதி வேற, "யானை ஆளோட வாசனை, குரல் எதையும் மறக்காதாம்ப்பா"ன்னு போன்ல படிச்சுக் காட்டிட்டா. நான் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள, நேத்து நடைப்பயிற்சிக்கு வந்த யானைங்க திடுதிப்புன்னு கடைத்தெருவுக்குள்ள வந்துருச்சுங்க. ஷட்டரை இழுக்க நேரமில்லை. ஒண்ணு நேரா என்கிட்டயே வந்து, தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் மோந்து பார்த்துச்சு. "தாயி, அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேன்"னு கத்திட்டேன். அது தும்பிக்கை நுனியால என் கன்னத்தைத் தொட்டு, பதமா ஒரு தடவு தடவி, ரஸ்தாளிச் சீப்பு ஒண்ணை எடுத்துக்கிட்டு நடந்துருச்சு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் மாப்பிள்ளை. எட்டு வருஷப் பாரம் இறங்கிருச்சு.

தங்கை லீலாவுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் மாடி அறை இனி உங்களுக்கே.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கி எழுந்த
அய்யாசாமி

பின்குறிப்பு: பாகன் ஜடையன் இப்போதுதான் பழம் வாங்க வந்தான். "நேத்து உங்களைத் தடவினது கோமளாங்க, மைசூருக்கே புதுசு. எல்லார்கிட்டயும் அப்படித்தான். சிங்காரி ரெண்டாவது கூட்டத்தோட நாளைக்கு வருது" என்கிறான். "யானைக்கு இருக்கிற ஞாபகம் உங்களுக்கு இல்லையே" என்று சாமியாத்தாள் சிரிக்கிறாள். மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கையில் கொண்டுவந்து தருகிறேன்.