பன்னிரண்டாவது குடும்பத்தின் செருப்பு

மாட்டைப் படித்தவன் மனுஷனையும் படித்தவன் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் என் மனைவி எஸ்தர் சொல்லிவிடுவாள். அவள் வாயால் வருவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். (அதையே ரெண்டு தடவை படிச்சேன். சேர்த்துப் பார்த்தா நாலாச்சு.) ஒற்றை எருமையோடு மீனாட்சிபுரத்துக்கு வந்து, இன்று பதினெட்டுக் கறவை கட்டியிருக்கிறேன். பால் சங்கத்துக்குள் நான் நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். (சரி, ஒருத்தர் நிப்பார். பால் அளக்கிறவர்.) அப்பேர்ப்பட்டவனை எங்கள் தேவாலயச் சபையார் மூப்பராக்கி, புதியவர்களை வரவேற்கும் பொறுப்பையும் கொடுத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

எங்களுடையது சின்னச் சபை. ஓடு போட்ட ஒரே கூடம், பதினோரு குடும்பம். அந்த வருஷம் மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்: பன்னிரண்டு குடும்பமாவது இருந்தால்தான் வாராவாரம் ஆராதனை. இல்லையென்றால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் போதகர் வருவார். இதைக் கேட்டதிலிருந்து எஸ்தருக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற ஆறு நாளும் அவளுக்குச் சாணியும் தவிடும்தான். ஞாயிறு ஒன்றில்தான் நல்ல சேலையும் நாலு பெண்களின் பேச்சும்.

"கவலைய உடு புள்ள. நான் ஒருத்தன் இருக்கறப்ப ஒரு குடும்பம் சேர்க்க முடியாதா?" என்றேன்.

முடியவில்லை. மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்றுமே, கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நழுவிப் போயின. கண்ணைத் திறந்தால் பெஞ்சு காலி. என் வரவேற்புக்குப் பயந்துதான் ஓடினார்கள் என்பது எஸ்தரின் கட்சி. (முன்னால நிறுத்தி, துண்டு போர்த்தி, எருமையில ஆரம்பிச்சு என் கதையைச் சொல்லுவேன். அரை மணி நேரத்துக்கு மேல போகாது.)

நான்காவதாக வந்தது தங்கராஜ் குடும்பம். இடுக்கியில் தேயிலைத் தோட்டத்து வேலை போய், இங்கே ஒரு தென்னந்தோப்புக்குக் காவலுக்கு வந்தவர்கள். தங்கராஜ், அவர் மனைவி செல்வராணி, ஏழு வயசு மகள் ஜெனி. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்காக வாங்கிய கறுப்பு ஷூவை ஜெனி சபைக்கே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் கழற்றி வைத்துவிட்டு, அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

எனக்குள் இருந்த மாட்டுக்காரன் விழித்துக்கொண்டான். கன்றைக் கட்டிப் போட்டால் பசு எங்கே போகும்? செருப்பை ஒளித்து வைத்தால் குடும்பம் எங்கே போகும்?

பிரசங்கத்துக்கு முன்னால் நீளமான ஜெபம் ஒன்று உண்டு. எல்லோரும் கண்ணை மூடியதும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தேன். அந்தக் குடும்பத்தின் மூன்று ஜோடியையும் துண்டில் அள்ளிக்கொண்டு, பின்னால் டீ போடும் கொட்டகைக்குள் நுழைந்தேன். அங்கே இரண்டு பால் கேன்கள். ஒன்று, காலையில் சங்கத்தில் ஊற்றிவிட்டு நான் கொண்டுவந்த காலிக் கேன். மற்றது, ஆராதனை முடிந்து எல்லோருக்கும் டீ போட எஸ்தர் கொண்டுவந்த பால். வெயிலில் இருந்து போன கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததைத் திறந்து ஜெனியின் ஷூ இரண்டையும் போட்டேன்.

"பொளக்" என்றது.

காலிக் கேன் அப்படிப் பேசாது. கையை விட்டுத் துழாவினேன். முழங்கைக்கு மேலே பால் ஏறியது, ஷூ அகப்படவில்லை. அதற்குள் கூடத்தில் "ஆமென்" கேட்டது. "இப்போ நம்ம மூப்பர் புதுசா வந்தவங்களை வரவேற்பாருங்க" என்று போதகர் கூப்பிட்டார்.

மற்ற செருப்புகளைக் காலிக் கேனில் தள்ளிவிட்டு ஓடினேன். தங்கராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "வாங்க, சந்தோஷம், உக்காருங்க" என்று முடித்துவிட்டேன். எருமை இல்லை, துண்டு இல்லை. சபையே திடுக்கிட்டது. எனக்கு நெஞ்சுவலியோ என்று எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

பிரசங்கம் முழுக்க முன் பெஞ்சில் வேர்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து போகிறவர்களைப் பேர் சொல்லித் திட்டுகிறவனே நான்தான். எப்படி எழுந்து போவது?

ஆராதனை முடிந்ததும் தங்கராஜ் வெறுங்காலோடு போதகரிடம் வந்தார்.

"ஐயா, எங்க செருப்பு மூணு சோடியையும் காணல. புள்ளைக்கு நாளைக்கு இஸ்கூலு."

ஜெனி தேம்பிக்கொண்டிருந்தாள். "நம்ம சபையிலயா?" என்றார் போதகர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருபது வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒருவர் பையை ஒருவர் பார்த்தார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நானோ கொட்டகைக்கு ஓடினேன்.

"ஏம்புள்ள, டீ வேண்டாம். பால் திரிஞ்சு போச்சு."

எஸ்தர் இடுப்பில் கை வைத்தாள். "ஏனுங்க, என்ன சொன்னீங்க? காத்தால என்ற கையால கறந்த பாலு!"

"நான் மோந்து பாத்தேன்."

"மோந்து பாத்தீங்களா? ஏனுங்க, எல்லாரும் இங்க வாங்க! வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க!"

கேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அண்டாவை வைத்தாள். சபையார் சுற்றி நின்றார்கள். ஊற்றினாள். மல்லிகைப் பூ மாதிரி பால். எஸ்தர் தலையை நிமிர்த்திக்கொண்டாள். கடைசியில் கேனைக் கவிழ்த்தபோது தொப்பென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று.

சபையார் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா! என் ஷூ பால் குடிச்சிருக்கு!" என்று கத்தினாள் ஜெனி.

தங்கராஜ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கை குடுக்கையிலயே பிசுபிசுன்னு இருந்திச்சு" என்றார் மெதுவாக.

"நீங்களும் போயிருவீங்கன்னு பயந்துட்டேனுங்க" என்றேன். என்னைவிடச் சின்னவரிடம் அவ்வளவு பணிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

செல்வராணி என்னை உற்றுப் பார்த்தாள். "நாங்க எங்க போவோம் ஐயா? வந்து ஒரு மாசமாச்சு, இந்த ஊர்ல எங்ககிட்ட ஒருத்தரும் பேசல. யாராவது வீட்டுக்குக் கூப்பிட மாட்டாங்களான்னுதான் இன்னைக்கு வந்தோம்."

ஷூ விழுந்ததைவிட இதுதான் எல்லோரையும் அடித்தது. தெருவில் அவர்களைப் பார்த்திருக்கிறோம், பதினோரு குடும்பமும். நான் தினமும் அந்தத் தோப்பைத் தாண்டித்தான் பால் கொண்டுபோகிறேன்.

மற்ற இரண்டு ஜோடியையும் காலிக் கேனிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். எஸ்தர் அவர்களை நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கோழி அடித்தாள். ஷூவை நாலு தடவை கழுவி அடுப்போரம் காய வைத்தாள். (மறுநாள் பள்ளிக்கூடம் வரைக்கும் ரெண்டு பூனை ஜெனி பின்னாலயே போச்சாம்.)

அடுத்த ஞாயிறு தங்கராஜ் குடும்பம் வந்தது. கூடவே தோப்பில் வேலை செய்யும் இரண்டு குடும்பங்கள். ஆண்டவரைத் தேடி வந்தார்கள் என்றுதான் நினைத்தேன். பாலில் ஷூ போட்ட பெரியவர் யார் என்று பார்க்க வந்தார்களாம். பார்த்துவிட்டுத் தங்கிவிட்டார்கள். பதினாலு ஆயிற்று, இன்றும் வாராவாரம் ஆராதனை நடக்கிறது. வரவேற்கிற வேலை எஸ்தருக்குப் போய்விட்டது. "வாங்க, சாப்டீங்களா?" அவ்வளவுதான் அவள் பேச்சு. ஒருவரும் நழுவுவதில்லை.

அந்த விஷயத்தைப் பற்றி அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தினமும் காலையில் பாலை ஊற்றுவதற்கு முன், கேனைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். என்னைப் பார்ப்பாள். அப்புறம்தான் ஊற்றுவாள்.