எம்.டி.940 என் வேலையைக் காப்பாற்றிய விவரம்

உ

சிவகாசி,
சனிக்கிழமை

மரியாதைக்குரிய காரியாபட்டிச் சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலியும் குறையில்லாமல் இருக்கிறது. அங்கே நீங்களும் சித்தியும் கோழிகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் "சரித்தா, சரித்தா" என்று வைத்துவிடுவீர்கள். இது முழுசாகக் கேட்க வேண்டிய சங்கதி.

நீங்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட பட்டாசுக் கம்பெனி ஆபீஸ் வேலை இன்று நிரந்தரமாகிவிட்டது. நம் குடும்பத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான்தான். ஆனால் போன வாரம் நிலைமை வேறு. ஆறு மாத பேங்க் வரவு செலவைப் புது கணக்கு சாப்ட்வேரில் சனிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கணக்கு மதுரை ஆபீஸுக்குப் போகும், நான் பழையபடி லேபிள் ஒட்டப் போக வேண்டும். முதலில் பி.டி.எஃப். கொடுத்தேன், சாப்ட்வேர் அதைப் படமாக நினைத்து ஒதுக்கிவிட்டது. அடுத்து பேங்க் தளத்திலிருந்து சி.எஸ்.வி. என்ற வெறும் எழுத்து ஃபைலாக இறக்கி, எக்ஸெலில் திறந்து வரிவரியாகச் சரிபார்த்து, சேமித்துக் கொடுத்தேன், "முதல் வரி புரியவில்லை" என்றது. போய்ப் பார்த்தால் முதல் வரியில் ஒற்றைக் கேள்விக்குறி! எனக்கும்தான் புரியவில்லை. பேக்கிங் ஷெட் பாலம்மாள் அக்கா சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஏ புள்ள எழிலு, ஒன் எடத்த யாருக்கும் குடுக்கல, பசைவாளி அங்கனயேதான் இருக்கு" என்றது. எனக்கு வந்ததே ஆத்திரம். எக்ஸெல் ஃபைலாகவே இறக்கி, மறுபடி சரிபார்த்துக் கொடுத்தேன், மறுபடி அதே பல்லவி. இந்தத் தடவை முதல் வரியில் என்ன இருந்தது தெரியுமா சித்தப்பா? பிள்ளையார் சுழி! தமிழ் தெரியாத சி.எஸ்.வி.யில் கேள்விக்குறியாகி நின்றதும் இதேதான்.

முதலாளி கனகசபாபதி ஐயாவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. லோடு சீட்டு, ஆர்டர் நோட்டு, மிக்சர் கட்டிவந்த காகிதம் எதுவானாலும் உ போடாமல் பேனாவை நகர்த்தமாட்டார். மதியம் நான் சாப்பிடப் போனால் என் கம்ப்யூட்டரில்தான் உட்காருவார். நேரே போய்க் கேட்டுவிட்டேன். "ஐயா, மெஷினுக்கு முதல் வரியில தேதி, விவரம், தொகைன்னு தலைப்புதான் வேணும். சாமியெல்லாம் அதுக்குத் தெரியாது. நீங்க தொடாதீக." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானாம்மா போட்டேன்? போட்டிருப்பேன், போட்டிருப்பேன். கைப்பழக்கம்."

பிறகு நானே யோசித்து, எம்.டி.940 என்ற வகையில் இறக்கினேன். பேங்கும் சாப்ட்வேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வகை அது. சொடுக்கினால் மனுசருக்குத் திறக்காது. யாரும் தொட முடியாது. அம்புட்டும் ஒரே மூச்சில் ஏறி, பைசா பிசகாமல் நின்றது. சரியான ஃபைல் எதுவென்றால் முதலாளியால் திறக்க முடியாத ஃபைல் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே, "இனி நீ இங்கனதாம்மா" என்றார்.

சித்திக்கும் தெருவில் விசாரிப்பவர்களுக்கும் என் அன்பைச் சொல்லி, இதையும் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
கணக்காளர் எழில்

பின்குறிப்பு: மடிக்கும்போதுதான் இந்தக் கடிதத்தின் தலையில் இருக்கும் உ-வைப் பார்த்தேன். எப்போது போட்டேன் என்றே ஞாபகமில்லை. ஐயாவுக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கத் தெரியாது. ஆபீஸில் தெரிந்த ஒரே ஆள் நான். திங்கள் காலை முதல் வேலையாக அவரிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சத்தமாகப் படிப்பதைச் செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.