குருமூர்த்தி நனைந்த வாரம்

"முதல்ல குடையை மடக்கும் ஓய்!" என்று கத்தினார் ஆபீஸர் சுந்தரேசன்.

கிடர்பூர் ஆபீஸ் வாசலில், கொட்டுகிற ஜூன் மழையில், குருமூர்த்தி குடையை மடக்கினார். மழைக்குக் குடை பிடித்தால் என்ன தப்பு? தப்புதான். தெருக்குழாயில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் வராத ஆத்திரத்தில், அவர் மனைவி ஷியாமளா கார்ப்பரேஷன் தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டாள். சீப்பு, ஏணி, குடை, எந்தச் சின்னம் வேண்டும் என்று கேட்டதற்கு, அம்மணி கண் இமைக்காமல் குடை என்றிருந்தாள்.

"சர்க்கார் உத்தியோகத்துல இருந்துண்டு பெண்டாட்டிக்குப் பிரசாரமா? மொட்டைக் கடுதாசி வந்திருக்கு, டைப் அடிச்சு! இன்னொண்ணு வந்தா ஹெட் கிளார்க் பிரமோஷனை மறந்துடும்."

பதினெட்டு வருஷம் காத்திருந்த பிரமோஷன்!

மறுநாள் குருமூர்த்தி தலையில் பேப்பரைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினார். அவர் குடியிருந்த பவானிபூர் தெருவின் வங்காளி டீக்கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயோ தாதா, நனையறீங்களே!" என்று ஓடிவந்து பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்தார்.

இரண்டாவது கடுதாசி வந்தது: 'ஆள் வைத்துக் குடை பிடிக்கச் சொல்கிறார்.'

அதற்கடுத்த நாள் குருமூர்த்தி பேப்பரும் இல்லாமல் ஓடினார். தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடையோடு துரத்தினார்கள்.

"வேண்டாம்! சர்க்கார் ரூல்! நான் நனையறேன்! யாரும் குடை பிடிக்காதீங்கோ!" என்று தும்மிக்கொண்டே அலறினார். பின்னால் நாற்பது குடைகள். பஸ்ஸிலிருந்து பார்த்தவர்களுக்கு அது அசல் ஊர்வலம்.

"சட்டத்துக்கு இவ்வளவு பயப்படற மனுஷன்! அப்போ பௌதியும் நேர்மையாத்தான் இருப்பாங்க" என்றது வார்டு. தாதா என்றால் அண்ணன்; அவர் மனைவி பௌதி, அண்ணிதானே!

மூன்றாவது கடுதாசியும் வந்தது. குருமூர்த்திக்குக் காய்ச்சலும் வந்தது.

"ஷியாமளா, வாபஸ் வாங்கிடேன்!"

"தேதி தாண்டிடுத்துன்னா. ஓட்டுச் சீட்டுகூட அச்சாயிடுத்து. இந்தச் சுக்குக் கஷாயத்தைக் குடிங்கோ" என்று நெற்றியில் பற்றுப் போட்டாள். அவள் முகத்தில் இருந்த கவலை நிஜம்.

ஓட்டு எண்ணி முடித்தபோது, இரண்டு பெரிய கட்சி ஆட்களையும் தள்ளிவிட்டுக் குடை நூற்றுப்பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்திருந்தது. போச்சு, உத்தியோகமே போச்சு என்று குருமூர்த்தி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சுந்தரேசனே வீடு தேடி வந்தார்.

"கடுதாசியெல்லாம் பொய்னு ஊரே சொல்றது ஓய்! ரூலுக்காகக் காய்ச்சலையே வாங்கிண்ட மனுஷன் நீர்! உமக்குக் கொடுக்காம யாருக்கு ஓய் பிரமோஷன்?"

அவர் போனதும் குருமூர்த்திக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. கடுதாசி எழுதின புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்திவிட்டு, மறுபடியும் போர்வைக்குள் புகுந்தார்.

மாடி வீட்டு சாவித்ரி, சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

"ஷியாமளா மாமி, ஜெயிச்சாச்சே! இனிமே நீங்க சொல்லச் சொல்ல மாமா மேல மொட்டைக் கடுதாசி டைப் அடிக்கற வேலை எனக்கு இல்லையே?"