பிஞ்சுரி பாபா எடுத்த நரம்பு

பிஞ்சுரி பாபா, அதாவது கத்தியில்லா பாபா, கத்தியைத் தொடமாட்டார். தொட்டால் சக்தி போய்விடுமாம். வெங்காயம் நறுக்கக்கூட வேறு ஆள் வைத்திருந்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் கத்தி செய்கிற வேலையை அவருடைய விரலே செய்துவிடும் என்று தேவள்வாடி முழுக்கப் பேச்சு. தோளைத் தடவுவார். கண்ணை மூடுவார். ஏதோ முணுமுணுப்பார். ரத்தம் கசியும். அழுகிய நரம்பு ஒன்று அவர் விரல் நுனியில் தொங்கிக்கொண்டு வெளியே வரும். ஈரத்துணியால் துடைத்தால் காயம் இருக்காது, தழும்பு இருக்காது. வலி மட்டும் இருக்கும். அது நோயாளியின் பக்திக் குறைவு.

வியாழக்கிழமை வந்தால் கொல்ஹாப்பூர் சாலையில் கரும்பு லாரிக்கு வழி கிடைக்காது. கரும்புக் கட்டு சுமந்து தோள் போனவர்கள், மல்யுத்தக் களத்துச் செம்மண்ணில் விழுந்து தோள் போனவர்கள், மோட்டார் சைக்கிளில் போய்த் தோள் போனவர்கள், வயசானதால் தோள் போனவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். எலும்பு நழுவினதா, தசைநார் அறுந்ததா, வெறும் சுளுக்கா என்று பாபா கேட்கமாட்டார். அவருக்கு எல்லாத் தோளும் ஒன்றுதான். சமத்துவம் என்றால் அதல்லவா சமத்துவம்.

அந்த வரிசையில் எல்லோரையும்விட உரக்கப் பேசியவர் ஞானோபா சவான். அவருக்கு நோயில்லை. சாட்சி சொல்ல வந்தவர்.

"தலைப்பாகை கட்டக் கை எழும்பல எனக்கு. இப்ப பாருங்க," என்று சொல்லிக் கையை வானத்துக்குத் தூக்கிக் காட்டுவார். கூட்டம் கும்பிடும். பாபாவையா கையையா என்று தெரியாது.

ஞானோபாவின் தோள் இறுகிப்போனது உண்மை. டவுனில் டாக்டர் நிம்பால்கர் அம்மாவிடம் காட்டியதும் உண்மை. "இதுக்கு ஆபரேஷன் வேண்டாம். இறுகின தோள் தானா இளகும். ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். தினமும் சுவர்ல விரலை மெல்ல மெல்ல ஏத்துங்க," என்று அந்த அம்மாள் சொன்னார். பல்லி மாதிரி சுவர் ஏறச் சொல்வதற்கு எதற்கு இத்தனை படிப்பு என்று ஞானோபாவுக்கு வருத்தம். வீட்டில் அவர் மனைவி மங்கள் விடவில்லை. சுவர் ஏறாத காலையில் அவருக்குத் தேநீர் இல்லை. திட்டிக்கொண்டே ஏறினார். அடுத்த கரும்பு வெட்டு வரும்போது கை காதைத் தாண்டிப் போக ஆரம்பித்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு வியாழக்கிழமை பாபாவிடம் போய் நரம்பு எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் தோள் குணமானதற்குக் காரணம் சுவரும் இல்லை, மங்களும் இல்லை.

இது இத்தோடு போயிருந்தால் ஊருக்கு ஒரு பைத்தியம் கூடுதல் என்று விட்டிருக்கலாம். தை மாதத் திருவிழா மல்யுத்தத்தில் அவர் மகள் ருதுஜா களமிறங்கினாள். தாலுகாவில் அவளை மண்ணைக் கவ்வ வைத்த பெண் அதுவரை இல்லை. சாங்லிக்காரி ஒருத்தி அவளைத் தோளுக்கு மேலே தூக்கி எறிந்தாள். வலது கையை ஊன்றி விழுந்தாள் ருதுஜா. எழுந்து நின்றபோது கை எழும்பவில்லை.

டாக்டர் நிம்பால்கர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எலும்பைப் பிடிச்சிருந்த தசைநார் முழுசா அறுந்து வந்திருச்சு. தைக்கணும். சீக்கிரம் தைக்கணும்."

"எனக்குத் தோள் போனப்ப கத்தி வேண்டாம்னீங்களே, டாக்டரம்மா," என்றார் ஞானோபா.

"உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு வந்தது வேற, இவளுக்கு வந்தது வேற. பத்துத் தோள் வந்தா அதுல பாதிக்கு மேல நான் கத்தியே எடுக்கமாட்டேன். பயிற்சி சொல்லித்தான் அனுப்புவேன். ஆனா இது சின்ன வயசு, புதுசா அறுந்தது. தள்ளிப்போட்டா அறுந்த முனை உள்ள சுருங்கிப் போயிரும். அப்புறம் இழுத்துத் தைக்க எட்டாது."

ஞானோபா வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று மகளிடம் சொன்னார்: "பார்த்தியா, அப்பாவுக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு. நிலையான பேச்சே இல்ல. பாபாகிட்ட போனா ஒரே பேச்சு."

"ஒரே பேச்சைக் கிளிப்பிள்ளைகூடத்தான் பேசும், அப்பா," என்றாள் ருதுஜா.

ஆனாலும் போனாள். ஆபரேஷன் என்றால் அப்பா சம்மதிக்க வேண்டும். அப்பா பாபாவைத் தாண்டிச் சம்மதிக்கமாட்டார்.

பாபாவின் கொட்டகையில் ஆண்களுக்கு நடுக்கூடத்தில் வைத்தியம். முகத்தில் துணி போட்டுவிடுவார்கள். பெண்களுக்கு மரியாதை அதிகம். கெட்டியான காவித்திரை ஒன்று தொங்கும். அதில் ஒரு பாக்ரி ரொட்டி அளவுக்கு வட்ட ஓட்டை. பெண் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து தோளை மட்டும் ஓட்டையில் வைக்க வேண்டும். இந்தப் பக்கம் சாம்பிராணிப் புகையில் பாபா. அவருக்கு முன்னால் கூட்டம். மானமும் காப்பாற்றப்பட்டது, பாபாவும் காப்பாற்றப்பட்டார்.

ருதுஜா தோளை வைத்தாள். சில்லென்று ஏதோ பட்டது. அழுத்தினார்கள். கூட்டம் 'ஆ' என்றது. அவ்வளவுதான். நரம்பு வந்துவிட்டது என்றார்கள். கையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்க முடியவில்லை.

"வேர் இன்னும் உள்ள இருக்கு, மகளே," என்றார் பாபா. "மறுபடி வா. அதுவரைக்கும் டாக்டர் வாசப்படி மிதிக்கக் கூடாது. மிதிச்சா நரம்பு கோவிச்சுக்கும்."

கோபித்துக்கொள்ளும் நரம்பை எந்த டாக்டரும் படித்ததில்லை. ஞானோபா பயபக்தியோடு தலையாட்டினார். மங்கள் வீட்டில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

"உங்க தோளுக்கு ஒரு வருஷம் காத்திருந்தீங்க. அது காத்திருக்கிற தோளு. இவ தோளு காத்திருக்காதுன்னு அந்தம்மா சொன்னது உங்க காதுல விழலையா?"

"உனக்கு நம்பிக்கையே கிடையாது."

"நம்பிக்கையிலதான் தினமும் உங்களைச் சுவர் ஏற வச்சேன்."

ருதுஜா ராத்திரியில் வலியால் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். ஞானோபா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அதற்கும் பக்திக் குறைவு என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை ருதுஜா சொன்னாள்: "அப்பா, நாளைக்கு வரேன். ஒரே ஒரு ஒப்பந்தம். நீங்க முன்வரிசையில உட்காருங்க. பாபா எடுக்கிறது நிஜம்னு உங்க கண்ணுக்குப் பட்டா, நான் டாக்டர் பேச்சை எடுக்கவே மாட்டேன். பொய்னு பட்டா அன்னிக்கே டவுனுக்குப் போகணும்."

ஞானோபாவுக்கு இனித்தது. "சத்தியமா," என்றார்.

வியாழக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மளிகைக்கடை சதோபா. பாபாவிடம் அடிக்கடி தோள் நரம்பு எடுத்துக்கொள்பவர். இத்தனை நரம்பு போன பிறகும் அவருடைய தோளில் வலி மிச்சம் இருந்தது என்றால் அது தோளா நரம்பு மண்டியா என்று கேட்க ஊரில் ஆளில்லை.

திரை அசைந்தது. ஓட்டையில் எண்ணெய் தடவிய, உருண்டையான, மாநிறச் சதை தெரிந்தது. ஓரத்தில் பச்சை ரவிக்கைத் துணி. பாபா விரலை வைத்தார். கண்ணை மூடினார்.

"வலது தோள்," என்றார். "இதோ வேர். ஆழத்துல ஒளிஞ்சிருக்கு. யாரோ பொறாமையில வச்ச கண்ணு."

ரத்தம் கசிந்தது. பாபாவின் முகம் வேர்த்தது. கோணலாக, வெளிறிப்போய், நீளமாக ஒரு நரம்பு வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. ஞானோபாவுக்குக் கண் கலங்கியது. என் பொண்ணு பிழைச்சா என்று கைகூப்பினார்.

திரை கிழிந்து விழுந்தது.

ருதுஜா இடது கையால் இழுத்திருந்தாள். சுடிதாரின் ஒரு கால் தொடை வரை சுருட்டப்பட்டிருந்தது. அதைச் சுற்றி மங்களின் பழைய பச்சை ரவிக்கை. காலை மடக்கி முக்காலியில் வைத்து, ஓட்டை இருந்த இடத்துக்கு நேராக முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"பாபா," என்றாள் நிதானமாக. "இது என் இடது முழங்கால். தோள் இங்க இருக்கு. கட்டுப் போட்டிருக்கு பாருங்க."



பாபா சாதாரண ஆளில்லை. ஒரு மூச்சு விட்டார், சிரித்தார். "உடம்பு முழுக்க ஒரே நாடிதான், மகளே. தோளோட வேர் முழங்கால்ல இருந்துச்சு. நான் அங்கயே பிடிச்சேன்."

'அதானே' என்ற முணுமுணுப்பு பின்வரிசையிலிருந்து கிளம்பியது. சதோபா தொடையைத் தட்டினார். "கேட்டியா ஞானோபா, என்ன ஒரு சக்தி. முழங்கால்லேர்ந்தே தோள் நரம்பை எடுத்திருக்கார்."

ஞானோபாவும் ஒரு நொடி 'அதானே' என்று நினைத்தார். அதுதான் வெட்கம். வாய் திறந்து சொல்லவும் போனார். அதற்குள் ருதுஜா பேசினாள்.

"சரி பாபா. அந்தக் குடத்துல தண்ணி இருக்கு. கையைக் கழுவிட்டு, எல்லார் முன்னாடியும் இன்னொரு நரம்பை எடுங்க. தோள்லயோ முழங்கால்லயோ, உங்க இஷ்டம்."

"தண்ணி பட்டா சக்தி இறங்கிடும்," என்று பாபா எழுந்தார்.

அவர் எழுந்தது சரி. எழுந்தபோது மல்யுத்தக்காரியின் இடது கை எட்டுகிற தூரத்தில் வலது கையை விட்டது பிசகு. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பாபா உதறினார். அந்தப் பிடியை உதறியவர்கள் மாவட்டத்திலேயே குறைவு. உதறிய வேகத்தில் பாபாவின் கட்டைவிரல் கழன்று, உருண்டு, ஞானோபாவின் காலடியில் வந்து நின்றது.

யாரோ ஒரு பெண் அலறினாள். விரல் போன இடத்தில் ரத்தம் வரவில்லை. அங்கே முழுசாக இன்னொரு கட்டைவிரல் இருந்தது.

ஞானோபா குனிந்து எடுத்தார். ரப்பர். தோல் நிறத்தில் சாயம் பூசின தொப்பி. உள்ளே கொஞ்சம் சிவப்புத் தண்ணீரும், இன்னும் வெளியே வராத ஒரு துண்டுக் கோழிக்குடலும். மூக்கருகே கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வாடை. அவருடைய தோளிலிருந்து எடுத்ததும் இந்த வாடைதான். அன்றைக்கு அதைப் பாவத்தின் நாற்றம் என்று பாபா சொல்லியிருந்தார். ஊரெல்லாம் அவரும் அப்படியே சொல்லியிருந்தார்.

அவர் கத்தவில்லை. ரப்பர் விரலைத் தன் விரலில் மாட்டிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி உயர்த்திக் காட்டினார். நன்றாக எழும்பியது அந்தக் கை.

"எல்லாரும் பாத்துக்கோங்க. நான் சாட்சி சொன்னது இதுக்குத்தான்," என்றார்.

யாரோ போன் செய்து போலீஸ் ஜீப் வந்தபோது பாபா கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். கொட்டகையில் கோழி எதற்கு என்று அதுவரை யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அன்று சாயங்காலமே டவுனுக்குப் போனார்கள். ஆபரேஷன் நடந்தது. "முனை கொஞ்சம் சுருங்கிருச்சு. ஆனா எட்டுச்சு. இன்னும் தள்ளியிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர் நிம்பால்கர். மறுபடி களத்தில் இறங்க முடியுமா என்று ருதுஜா கேட்டதற்கு அந்த அம்மாள் பூசி மெழுகவில்லை. "தையல் என் வேலை, முடிச்சிட்டேன். மீதி உன் பயிற்சி. பழைய பலம் வரலாம், கொஞ்சம் குறையலாம். இப்பவே சத்தியம் பண்ண நான் பாபா இல்ல."

வாரக்கணக்கில் கை கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கிடந்தது. பிறகு மெல்ல அசைக்கச் சொன்னார்கள். பயிற்சி நேரத்தில் ஞானோபா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மகள் பல்லைக் கடிப்பாள்.

இப்படி ஒரு நாள் சதோபா வந்தார். தோளைத் தடவிக்கொண்டே வாசலில் நின்றார். "பாபாவையும் உள்ள தள்ளிட்டீங்க. நிப்பாணிப் பக்கம் ஒருத்தர் எலுமிச்சம்பழத்துல தோள் வலியை இறக்கறாராம். கூட வரியா, ஞானோபா?"

ஞானோபா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சதோபா, ரெண்டு தோளுக்கும் நடுவுல, கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அது எத்தனை வருஷமா அசையல உனக்கு? முதல்ல அதைக் கொஞ்சம் அசைச்சுப் பழகு. அதுக்குக் கத்தியும் வேண்டாம், பழமும் வேண்டாம்."